வேப்பிலை தாண்டிய சுவடுகள்

உப்பு விளைகிற ஊரில் எதுவும் முழுதாக மறைந்துபோவதில்லை. தண்ணீர் போனாலும் அது சுமந்துவந்தது தரையில் தங்கிவிடும். இதை அறிந்தவர்கள் இந்தக் கதையை வியப்பில்லாமல் கேட்பார்கள். அறியாதவர்கள், வியந்து முடித்த பிறகாவது, தங்கள் தெருவின் மண்ணை ஒருமுறை குனிந்து பார்க்கட்டும்.

உவர்க்குளத்தின் கடைசித் தெருவில், காவலர்கள் கதவை உடைத்துப் புகுந்த வீட்டில் இறந்துபோன கொம்பையாவை அடக்கம் செய்த மறுநாள் விடியலில், அந்த வீட்டு வாசலில் ஒரு சோடி பூட்ஸ் சுவடுகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. உப்பளத்துப் பாத்தியில் வெயில் ஏற ஏற ஓரத்திலிருந்து உப்பு பூத்து நடுவுக்கு வருமே, அப்படிப் பூத்திருந்தன. விரல்நுனி வீட்டைப் பார்த்திருந்தது, குதிகால் தெருவைப் பார்த்திருந்தது. கொம்பையாவின் மனைவி பூலம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அவற்றைக் கழுவினாள். அடுத்த விடியலில் அவை திரும்பவும் பூத்தன, ஒரு எட்டு பின்னால் தள்ளி. அதற்கடுத்த விடியலில் இன்னும் ஒரு எட்டு. முகத்தைத் திருப்பாமல், அந்த வீட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், யாரோ ஒருவர் வந்த வழியே பின்னோக்கி நடந்துபோவதைப்போல அவை போய்க்கொண்டிருந்தன.

தெருவில் யாரும் அலறவில்லை. உப்பள வேலைநிறுத்தத்தால் வேலையற்றிருந்த ஆண்கள் குந்தியிருந்து பார்த்தார்கள். பெண்கள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு பார்த்தார்கள். சுவரை நக்குகிற ஆடுகளும், கிழிந்த உப்பு மூட்டையைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற ஆடுகளும் சுவட்டின் அருகே வந்து, முகர்ந்து, வாயை மூடிக்கொண்டு விலகிப் போயின.

தெருமுனையில் ஆப்பக்கடை வைத்திருந்த சொர்ணக்கிளியின் பெஞ்சில் அமர்ந்துதான் அந்தச் சுவடுகளைப்பற்றிய முதல் பேச்சு நடந்தது.

“பின்னால போகுதுன்னா, வந்த எடத்துக்கே திரும்பிப் போகுதுன்னு அர்த்தம்,” என்றார் தையல்காரர் அருளப்பன். “நேரா ஸ்டேஷன் வாசப்படியில போயி ஏறும் பாருங்க.”

“அண்ணாச்சிக்கு எல்லாம் நேர்தான்,” என்றாள் பார்சலுக்குக் காத்திருந்த ஒருத்தி. “ஸ்டேஷன்ல இருந்து கொம்பையா வீட்டுக்கு வழி தெரிஞ்சா வந்தாவ? நடுவுல ஒருத்தர் கை காட்டியிருப்பாவள்லா. அங்கன நின்னு, இன்னாருன்னு காட்டிட்டுத்தான் போகும்.”

சொர்ணக்கிளியின் சட்டியில் ஆப்பத்தின் ஓரம் கருகி, நடுவும் கருகியது.

“மதினி, ஆப்பம்,” என்றார் அருளப்பன்.

“தெரியுது,” என்றாள் அவள்.

அவளுக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. அந்தச் சுவடுகள் எங்கே வந்து நிற்கும் என்பது தெருவிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

சொர்ணக்கிளியின் தம்பி சங்கிலி உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் முன்நின்றவன். வேலைநிறுத்தத்தின்போது முதலாளி உப்பு சேமித்துவைக்கும் கிட்டங்கி எரிந்துபோக, எரித்தது சங்கிலிதான் என்று காவலர்கள் தேடினார்கள். அவன் எரிக்கவில்லை, ஆனால் எரிக்காதவன் என்பதைக் கேட்டுக்கொள்ள அங்கே யாரும் காத்திருக்கவில்லை. அக்காள் அவனை ஆப்பக்கடையின் பரணில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் படுக்க வைத்திருந்தாள். ஒரு நாள், வெயில் ஏறிய வேளையில், கடை வாசலில் ஜீப் நின்றது. ஆய்வாளர் இறங்கி, பரணுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, “கொஞ்ச நாளா கதவு திறக்காத வீடு எது?” என்று கேட்டார்.

அவள் ஆப்பக் கரண்டியால் கொம்பையாவின் வீட்டைக் காட்டினாள்.

கேட்பவர்களே, அவசரப்பட்டு அவளை வெறுத்துவிடாதீர்கள், அவசரப்பட்டு மன்னித்தும்விடாதீர்கள். கொம்பையாவுக்கு அம்மை போட்டிருந்தது. நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வேப்பிலை தொங்குகிற வீட்டுக்குள் வட்டிக்காரன் நுழையமாட்டான், திருடன் நுழையமாட்டான், பகையாளி செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவான். வந்தவரை ‘வா’ என்று அழைப்பதும் இல்லை, ‘போ’ என்று அனுப்புவதும் இல்லை. உள்ளே இருப்பவர் வெளிக்குரலுக்குப் பதில் சொல்லமாட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை கதவு திறக்காது. அந்தத் தெருவிலேயே மிகப் பத்திரமான வாசல் அதுதான் என்று சொர்ணக்கிளி நினைத்தாள். காக்கி போட்டிருந்தாலும் இவர்களையும் ஒரு தாய் வேப்பிலையில் படுக்கவைத்து விசிறியிருப்பாளே, பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள், அதற்குள் தம்பியைப் பின்பக்கமாக அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள். அவள் சுட்டிய கரண்டியில் வஞ்சகம் இல்லை, நம்பிக்கை இருந்தது. அடுத்தவன் வாசலைப் பணயம் வைத்த நம்பிக்கைக்கு என்ன பெயர் என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

அவர்கள் தட்டினார்கள். கூப்பிட்டார்கள். அம்மை கண்டவன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை ஒளிந்திருப்பதாக எடுத்துக்கொண்டு, வேப்பிலையைப் பிய்த்தெறிந்து, பூட்ஸ் காலால் கதவை உடைத்து உள்ளே போனார்கள். தெரு முழுக்க சன்னல்கள் சாத்தப்பட்டன. சாத்திய சன்னல்களுக்குப் பின்னால் இருந்து தெரு முழுவதும் அந்தச் சத்தத்தைக் கேட்டது. இளநீர் வாங்கப் போயிருந்த பூலம்மாள் திரும்பி வந்தபோது ஜீப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

பின்வாசல் வழியாகத் தப்பியோட முயன்றபோது தவறி விழுந்து இறந்தார் என்று காவல் நிலையம் அறிவித்தது. கொம்பையாவின் வீட்டுக்குப் பின்வாசலே கிடையாது. இதைத் தெருவில் பால்குடிப் பிள்ளையும் அறியும். எந்த வாயும் சொல்லவில்லை.

*

சுவடுகள் விடியலுக்கு ஒரு எட்டாகத் தெருமுனையை நோக்கி வந்துகொண்டிருக்க, தெரு இரண்டாகப் பிரிந்தது. சுவடு கடந்த வீடுகள், கடக்காத வீடுகள் என்று அந்தப் பிரிவுக்குத் தானாகப் பெயர் அமைந்தது. சுவடு ஒரு வாசலை நெருங்கும்போது அந்த வீட்டில் அடுப்பு எரியாது, யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். சுவடு நிற்காமல் தாண்டிப்போன அன்றைக்கே அந்த வீட்டார் கழுத்தை நிமிர்த்தி, வெளியே வந்து, அடுத்த வீட்டின் வாசலை உற்றுப் பார்க்கத் தொடங்குவார்கள். நேற்றுவரை நடுங்கியவன் இன்று நீதிபதியானான். ‘எனக்கு அப்பவே அவன்மேல சந்தேகம்’ என்று சொல்லாத வாய் தெருவில் இல்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த ஒரு வீடு, சம்பந்தி வீட்டைச் சுவடு கடக்கட்டும் என்று தாம்பூலத்தை நிறுத்திவைத்தது. சுவட்டைச் சுற்றிக் கற்பூரம் விற்க ஒருவன் வந்தான். கட்சிக்கொடியோடு சிலர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். காவல் நிலையத்திலிருந்து ஒரு லாரி வந்து சுவட்டின்மேல் சிமென்டைக் கொட்டியது. மறுநாள் சிமென்டின்மேல் உப்பு பூத்திருந்தது.

ஒரு குளத்தில் நஞ்சு கலப்பவன் ஒருவன்தான். ஆனால் மிதக்கிற மீனைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பவர் எத்தனை பேர் என்று அந்தக் குளத்தைக் கேட்டால் அது என்ன சொல்லும்? உவர்க்குளத்தார் நஞ்சு கலந்தவனைப்பற்றிப் பேசவில்லை. மூக்கைப் பொத்தியதில் யார் முந்தி என்றுதான் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்த ஒரு வேளையில், அடுப்புக்குச் சுள்ளி எடுக்கப்போன சொர்ணக்கிளி சுவட்டருகே நின்றாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, வெறுங்காலை அதற்குள் வைத்தாள். பாத்தி மிதித்து அகன்ற பாதம் அது; பட்டுப் பாவாடை கட்டிய வயதிலிருந்தே எந்தச் செருப்பும் அதற்குப் பொருந்தியதில்லை. சுவடு பொருந்தியது. அவளுக்கென்று அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. உப்பின் எரிச்சல் உள்ளங்காலில் ஏற, அவள் தலையைத் தூக்கினாள். எதிர்வீட்டுத் திண்ணைத் தூணருகே அருளப்பன் நின்றுகொண்டிருந்தார். அவர் காலிலும் செருப்பு இல்லை.

“காத்தாட வந்தேன்,” என்றார் அவர்.

“நான் சுள்ளிக்கு வந்தேன்,” என்றாள் அவள்.

அன்று முதல் அவர் ஆப்பம் வாங்க வரவில்லை.

*

சுவடுகள் ஆப்பக்கடைக்கு ஒரே ஒரு எட்டுத் தள்ளி இருந்தபோது ஆய்வாளர் வந்தார். பெஞ்சில் அமர்ந்தார். ஆப்பத்துக்குச் சொன்னார், வந்த ஆப்பத்தைத் தொடவில்லை.

“நல்லா சுடுற,” என்றார். “அன்னைக்கும் இப்படித்தான் கரண்டியும் கையுமா நின்ன.”

சொர்ணக்கிளி மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு விசாரணைக்கு ஆபீசர் வர்றாங்க. அந்தச் சுவடு உன் வாசல்ல வந்து நிக்கும். எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தெருக்காரன் உன்ன என்ன செய்வான்னும் தெரியும்.” குரலைத் தாழ்த்தினார். “கொம்பையா அரிவாளோட ஓடி வந்தான், நான் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. தெருவுல ஒருத்தனும் உன்ன ஏறெடுத்துப் பாக்காம நாங்க பாத்துக்கிறோம். உன் தம்பி மேல உள்ள கேஸும் கரைஞ்சிரும். எங்க இருக்கானோ, அங்கனயே நிம்மதியா தூங்கட்டும்.”

சொல்லும்போது அவர் பரணைப் பார்க்கவில்லை. பார்க்காததே அவளைக் குளிரவைத்தது.

“அவருக்கு அம்மை போட்டிருந்துச்சு, சார்,” என்றாள். “எந்திரிச்சு உக்காரவே முடியாது.”

“அதெல்லாம் டாக்டர் சொல்லணும். நீ ஆப்பம் சுடு.”

ஜீப் போனபிறகு பரணில் மூட்டை நகர்ந்தது. சங்கிலி தலையை நீட்டினான்.

“யக்கா. கரண்டியும் கையுமான்னா என்ன அர்த்தம்?”

ஆய்வாளர் தொடாத ஆப்பத்தை அவள் எடுத்து வெளியே எறிந்தாள்.

“என்னத் தேடித்தான வந்தாவ? கொம்பையா அண்ணன் வீட்டுக்கு என்னத்துக்குப் போனாவ?”

“வேப்பிலையப் பாத்துட்டுத் திரும்பிருவாவன்னு...” என்று தொடங்கிய சொல் முடியவில்லை.

தம்பி, “அண்ணன் ஆப்பத்துல முறுகலான ஓரத்த மட்டும் மொதல்ல பிச்சுத் தின்னுட்டு, நடுவ எனக்குத் தருவாவ,” என்று மட்டும் சொல்லி, மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டான். அவன் அழுத சத்தம் கீழே கேட்கவில்லை. பரணின் பலகை இடுக்கிலிருந்து அரிசித்தவிடு மாவுச்சட்டியில் உதிர்ந்துகொண்டேயிருந்தது.

ஒரு சொல்லில் தம்பி பிழைப்பான். அதே சொல்லில் கொம்பையா இரண்டாம் முறை சாவான். முதல் சாவுக்கு அவள் கரண்டியால் வழி காட்டினாள், இரண்டாவதற்கு அவள் நாக்கே ஆயுதம். மனிதர்களே, கெட்டவர்களிடம் மட்டும் இப்படிப்பட்ட பேரம் பேசப்படுவதாக நினைக்காதீர்கள். தவறிய நல்லவர்களைத் தேடித்தான் அது முதலில் வருகிறது, ஏனென்றால் மறைக்க ஒன்று வைத்திருப்பவரே விலைக்குக் கிடைப்பவர்.

*

மறுநாள் காலை சுவடுகள் தெருவின் நடுவை விட்டு விலகி, ஆப்பக்கடையின் வாசற்படியை ஒட்டி வந்து நின்றிருந்தன.

விசாரணை அதிகாரியான அம்மையார் தெருமுனைப் பூவரசின் கீழ் மேசை போட்டு அமர்ந்தார். ஆய்வாளர் அவருக்குப் பின்னால் நின்றார். தெரு முழுவதும் கூடியிருந்தது. ஆனால் ஒருவரும் மேசையைப் பார்க்கவில்லை, எல்லாரும் படியைப் பார்த்தார்கள். அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டார். நான் உள்ளே இருந்தேன் என்றார்கள். ரேடியோ சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். அருளப்பன், தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்றார். சொன்னவர்கள் சொல்லிவிட்டு மறுபடியும் படியைப் பார்த்தார்கள்.

“எல்லாரும் அங்க என்னத்தப் பாக்குறீங்க?” என்றார் அதிகாரி.

“காட்டிக்கொடுத்த வீடும்மா,” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். நேற்றே சுவடு கடந்துபோன வீட்டின் குரல் அது. “சுவடு அங்கன நின்னுட்டுது, பாத்தீங்களா?”

ஒருவன் குனிந்து கல் எடுத்தான். ஆய்வாளர் சொர்ணக்கிளியைப் பார்த்து, மெல்லத் தலையசைத்தார்.

அவள் கடையிலிருந்து இறங்கினாள். செருப்பைப் படியில் விட்டுவிட்டு, எல்லாரும் பார்க்க, வெறுங்காலைச் சுவட்டுக்குள் வைத்தாள். அது பொருந்துவதை எல்லாரும் பார்த்தார்கள்.

“நான்தான் காட்டுனேன்,” என்றாள். “இந்தக் கையாலதான். கரண்டி வச்சிருந்தேன். என் தம்பி சங்கிலி இந்தப் பரண்ல இருந்தான், அவன மறைக்கணும்னு காட்டுனேன். கொம்பையா அண்ணன் கையில அரிவாள் இல்ல. ஓடல. ஓடுறதுக்குப் பின்வாசலும் இல்ல, போயிப் பாருங்க. வேப்பிலை தொங்குச்சு. இவிய அதப் பிச்சுப் போட்டத நான் பாத்தேன். உடைக்காதீங்கன்னு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அடுப்பு எரியுதுன்னு நின்னுட்டேன்.”

கல் எடுத்தவன் கையை ஓங்கினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூலம்மாள் முன்னால் வந்ததால் ஓங்கிய கை நின்றது.

“வேப்பிலையப் பாத்துட்டுத் திரும்பிருவாவன்னு நெனச்சியா, மதினி?”

“நெனச்சேன்.”

“நானும் அதத்தான் நெனச்சேன்,” என்றாள் பூலம்மாள். “அந்தத் தைரியத்துலதான் அவிய தனியா கெடக்கட்டும்னு எளநிக்குப் போனேன்.” முந்தானையை இழுத்துச் செருகினாள். “அதுக்காக உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத.”

“நெனைக்கல,” என்றாள் சொர்ணக்கிளி.

பரணிலிருந்து ஏணி இறங்கும் சத்தம் கேட்டது. சங்கிலி வெளியே வந்து, உடம்பெல்லாம் தவிடாக, ஆய்வாளரைத் தாண்டி நடந்து அதிகாரியின் மேசைமுன் நின்றான். “தேடுன ஆளு நான்தாம்மா. இத்தன பேரு பாக்க வந்திருக்கேன். எனக்கு ஒண்ணு ஆனா, இத்தன பேரும் பாத்தவங்க.”

அப்போதுதான் தையல்காரர் அருளப்பன் செருப்பைக் கழற்றினார். ஒல்லியான, நீண்ட பாதம் அவருக்கு. சொர்ணக்கிளியின் பாதத்துக்கும் அதற்கும் எந்த ஒப்புமையும் கிடையாது. அவள் காலை எடுத்ததும் அவர் தன் காலை அதே சுவட்டில் வைத்தார். ஓர் இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“எனக்கு மட்டுந்தான் பொருந்துதுன்னு நெனச்சுட்டிருந்தேன்,” என்றார், யாரையும் பார்க்காமல். “அன்னைக்கு மெஷின் ஓடல, அம்மா. அவரு தண்ணி தண்ணின்னு கேட்டது எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறந்தான் மெஷின ஓட்டுனேன்.”

கல் கீழே விழுந்தது. அதை எடுத்திருந்தவன் அடுத்துக் காலை வைத்தான், பொருந்தியது. பார்சலுக்கு வருகிறவள் வைத்தாள், பொருந்தியது. தாம்பூலத்தை நிறுத்திய வீட்டுக்காரர் வைத்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடியலில் திருட்டுத்தனமாக வந்து வைத்துப் பார்த்த கால்தான் அது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே பொருந்துகிறதென்று நடுங்கி, நடுக்கத்தை மறைக்க அடுத்தவரை முறைத்தவர்கள்தான். வைத்த கால்களெல்லாம் வாய்களைத் திறந்தன. ஒருத்தி அடி விழுந்த சத்தத்தைச் சொன்னாள். ஒருத்தர் கொம்பையாவை ஜீப்புக்குத் தூக்கிப்போனபோது தலை தொங்கியிருந்ததைச் சொன்னார். எழுதிக்கொண்டேயிருந்த அதிகாரி கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, “இன்ஸ்பெக்டர், நீங்களும் ஒருதடவை வச்சுப் பாருங்களேன்,” என்று திரும்பினார்.

பின்னால் யாரும் இல்லை. ஜீப்பும் இல்லை.

அந்தக் கணத்தில், விடியலுக்காகக் காத்திராமல், பட்டப்பகல் வெயிலில், சுவடுகள் நடக்கத் தொடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக உப்பு பூக்க, அதே பின்னோக்கிய நடையில், கடைத்தெருவைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, காவல் நிலையத்தை நோக்கிப் போயின. அவற்றின் பின்னே பூலம்மாளும், அவளுக்குச் சில எட்டுத் தள்ளி சொர்ணக்கிளியும், அவர்களுக்குப் பின்னே தெருவும், தெருவுக்குப் பின்னே சங்கிலியைத் தன் அருகிலேயே வைத்துக்கொண்டு அதிகாரியும் நடந்தார்கள். பூலம்மாள் மட்டும் புறப்படுமுன் தன் வீட்டுக்கு ஓடிப்போய், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அம்மை இறங்கும் நாளில் கொம்பையாவின் தலைக்கு ஊற்றுவதற்காக அவள் வைத்த குடம். ஊற்றத் தலை இல்லாதபோதும் தினமும் தண்ணீர் மாற்றி வைத்துக்கொண்டிருந்த குடம்.

காவல் நிலையத்தின் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது.

நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து ஒன்று, பறித்த ஈரம் காயாமல், தொங்கிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து, சிரிப்பிலிருந்து ஓர் உறுமல் எழுந்து, கைகள் மறுபடியும் கற்களுக்குக் குனிந்தன. “ஒடச்சுட்டு உள்ள போவோம்லே,” என்றான் ஒருவன். “அவனுவ அப்படித்தான போனானுவ?”

“போடாத,” என்றாள் சொர்ணக்கிளி. தெருவில் யாரும் இனி அவள் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தும் அவள் கதவுக்கும் கற்களுக்கும் நடுவில் போய் நின்றாள். “வேப்பிலை கட்டியிருக்கு. பயந்துதான் கட்டியிருக்காவ, பொய்யாத்தான் கட்டியிருக்காவ. இருந்தாலும் கட்டியிருக்கு. அத ஒடச்சா நாமளும் அந்த பூட்ஸ மாட்டுனதா ஆயிரும்.”

சுவடுகளும் வேப்பிலையைக் கண்டு நின்றிருந்தன. அவற்றை அணிந்திருந்தவர்கள் கற்காததை அவை நடந்து நடந்து கற்றிருந்தன. பின்னோக்கியே வந்தவை அங்கே முதன்முறையாகத் திரும்பி, விரல்நுனியைக் கதவுக்குக் காட்டி, உத்தரவு கேட்டு நிற்கிற ஆளைப்போல நின்றன.

பூலம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். “தலைக்குத் தண்ணி ஊத்துற அன்னைக்குக் கதவத் தொறந்துதான ஆவணும்,” என்றாள் உள்ளே கேட்கும்படி. “தண்ணி கொண்டாந்திருக்கேன். இருக்கேன்.”

தெரு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தது. வெயில் உச்சிக்கு வந்தது, சாய்ந்தது. யாரும் தட்டவில்லை, யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. வேப்பிலை வீட்டுக்கு முன்னால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தார்கள். குடத்துத் தண்ணீரில் வெயில் அசைந்துகொண்டிருந்தது.

வேப்பிலையின் நிழல் படியைத் தாண்டி நீண்டபோது, கதவுக்கு அந்தப்பக்கம் கனமான ஏதோ ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. சிறிது நேரம் கழித்து, அதேபோல இன்னொன்று விழுந்தது. பூட்ஸ் கழற்றுகிற சத்தம் அது என்று சொர்ணக்கிளிக்குப் புரிந்தபோது, ஒரு வெறுங்காலின் சத்தம், தயங்கித் தயங்கி, கதவை நோக்கி வந்துகொண்டிருந்தது.